பதிமூன்று வருஷம் தள்ளி

அலுவலகத்தில் அக்காவுக்கு 'எதைவிட அம்மா' என்று பட்டப்பெயர். நேருக்கு நேர் சொல்ல எவருக்கும் துணிச்சல் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், அது அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் போடுகிற பதிப்பகம் அது. ஒப்பிட்டுச் சொல்வது பற்றிய பாடம் எந்த வகுப்புக்கு வந்தாலும், பதினெட்டு வருஷமாக அவள் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகிறது.

ஒன்றைப் பெரியது என்று எழுதிவிட்டு, எதைவிடப் பெரியது என்று சொல்லாமல் விட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். சோப்பு விற்கிறவன் 'இன்னும் வெண்மை' என்று பாதியில் நிறுத்தலாம், அவன் பிழைப்பு அது. பாடப்புத்தகம் எழுதுகிறவர் நிறுத்தலாமா? ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'எதைவிட?' என்று போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒருத்தியின் சம்பளம் அவள் புருஷனைவிட அதிகம் என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். 'புருஷனைச் சம்பளத்தோடு நிறுத்துப் பார்க்காதீர்கள், சம்பளத்தைச் சம்பளத்தோடு நிறுங்கள்' என்று அவருக்கே குறிப்பு எழுதியவள் அவள். பேராசிரியர் ஆறு மாதம் போன் எடுக்கவில்லை.

அங்கே வேலை நடக்கிற முறை ஒன்று உண்டு. கேள்வி சிவப்பில் போகும். எழுதியவர் பச்சை மையில் பதில் எழுதித் தருவார். அப்புறம் தாள் பக்கம் அமைப்பவரிடம் போகும். அவர் பச்சையில் இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் உள்ளே ஏற்றுவார். அர்த்தம் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது, காதில் எந்நேரமும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அக்கா ஒருமுறை படித்துவிடுவாள் என்பதால் இத்தனை வருஷமும் ஒரு வம்பும் வந்ததில்லை.

வீட்டில் வேறு கதை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ஐம்பது அறுபது பேர் கூடுகிற ஒரு ஜெபக்கூடத்தில் வேதம் விளக்குகிறவர். தபால் இலாகா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே எபிரேயம் படிக்க உட்கார்ந்தார். தம்பியும் கூடவே உட்கார்ந்தான். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, நாற்பத்தெட்டு வயசு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து விளிம்பு தேய்க்கிற வேலை. இரண்டு பேரும் ஒரே அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு பத்து வருஷம் படித்தார்கள். அப்புறம் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

சண்டை ஒரு தீர்க்கதரிசியின் நாலைந்து வரிகளைப் பற்றி. ஒரு ராஜா கட்டளை கொடுத்த நாள் முதல் இத்தனை வாரம் என்று ஒரு கணக்கு அதில் வருகிறது. அதெல்லாம் அந்தக் காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது, அந்த ஜனங்கள் பட்ட பாட்டுக்கு அது ஆறுதல், நமக்குப் பாடம், அவ்வளவுதான் என்பது அப்பாவின் வியாக்கியானம். தம்பி ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணி, அதன்மேல் இன்னொரு கணக்கைப் போட்டு, முடிவு இன்னும் வரவில்லை, வரப்போகிறது, செத்தவர்கள் எழுந்து வரும் நாள் நம் காலத்திலேயே என்றான். தேதியும் குறித்துவிட்டான். அவனுக்கென்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மா இறந்த கொஞ்ச நாளில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு மேலேயே ஓர் அறைக்குக் குடிபோனான்.

போகும்போது அகராதியும் இரண்டாகப் போயிற்று. புரட்டிப் புரட்டி முதுகு விட்டுப்போயிருந்த புத்தகம் அது. எபிரேயத்தின் இருபத்திரண்டு எழுத்தில் முதல் பதினொன்று அப்பாவிடம், மிச்சப் பதினொன்று தம்பியிடம். பேச்சு வார்த்தை கிடையாது, ஆனால் இன்னொரு பாதியில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுப்பார்கள். அக்கா பஸ்ஸில் கொண்டுபோவாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எதிராளியின் வாதத்துக்கு உதவுகிற அர்த்தமாக இருந்தாலும் ஒரு வரி மறைக்காமல் எழுதி அனுப்புவார்கள். அந்த நாணயத்தைப் பார்த்துத்தான், என்றைக்காவது இரண்டும் ஒன்று சேரும் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் தம்பி கடையில் மயங்கி விழுந்தான். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, இரண்டு மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். தம்பி சிரித்தான்.

"இன்னும் ஒரு வருஷம்தான்கா கணக்கு. காலி பண்ணப் போற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பாங்களா?"

அக்கா விடவில்லை. ஒரு மாதம் சாப்பாட்டு இடைவேளையில் எல்லாம் கடைக்குப் போய் நின்றாள். கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே அழுதுவிட்டாள். கடைசியில் அவன் மனசு இறங்கியது. உனக்காக வருகிறேன், ஆனால் அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அவரிடம் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அக்கா வாயைக் கட்டிக்கொண்டாள்.

அது தெரியாத அப்பா, மகனைக் காப்பாற்றத் தன் வழியில் புறப்பட்டார். தேதி குறிப்பவர்களின் தவறு என்று எட்டுப் பக்கத்தில் ஒரு பிரசுரம். வெளியூர்ச் சபைகளுக்கும் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவன் பேர் அதில் கிடையாது, ஆனால் அவன் படித்தால் போதும் என்பதுதான் அவர் கணக்கு. அக்கா வழக்கம்போல் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள். அப்பாவின் ஆங்கிலம் தபால்காரத்தனமானது, சுருக்கமாக இருக்கும், சுற்றி வளைக்காது. ஏழாம் பக்கத்தில், பொய்யான தேதியைப் போதிப்பது அதைவிடப் பெரிய பாவம் என்கிற தோரணையில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. பக்கத்தில் எந்தப் பாவமும் காணோம். அக்காவின் கை தானாக ஓரத்தில் 'எதைவிட?' என்று எழுதியது. இன்னும் பதினெட்டு இடத்தில் வேறு கேள்விகளும் இருந்தன. தாள்களை அப்பாவின் மேஜையில் வைத்துவிட்டு, தம்பியை எக்ஸ்ரேவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள்.

அப்பா பச்சை மையில் பதில் எழுதி, தம் பிரசுரங்களை வழக்கமாகச் செய்து தருகிற, அக்கா அலுவலகத்துப் பக்கம் அமைப்பவரிடம் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ஏற்றினார். அக்கா பார்த்துவிட்டாள் என்று பக்கம் அமைப்பவர் நினைத்தார், பார்ப்பாள் என்று அப்பா நினைத்தார். முந்நூறு பிரதி அச்சாகி, பாதி ஜெபக்கூடத்தில் கொடுத்து முடிந்த பிறகுதான் ஒரு பிரதி அக்காவின் கைக்கு வந்தது. மேஜையருகில் நின்றபடியே புரட்டினாள். ஏழாம் பக்கம். பொய்யான தேதியைப் போதிப்பது, பெற்ற தாயை யாருமில்லாமல் தனியே சாகவிட்டதைவிடப் பெரிய பாவம்.

அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அம்மா தூக்கத்தில் போனாள், தம்பி பக்கத்தில் இருந்தான், அமைதியாகப் போய்விட்டாள் என்றுதான் மூன்று வருஷமாக அவளுக்குத் தெரியும். அன்று அவளுக்கு அலுவலகம், அப்பாவுக்கு ஜெபக்கூடம், படுக்கையில் இருந்த அம்மாவுக்குத் தம்பி காவல். அவள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அப்பா ஜன்னலோரம் பாதி அகராதியோடு உட்கார்ந்திருந்தார். பிரசுரத்தை அவர் முன்னால் வைத்து, அந்த வரியைக் காட்டினாள்.

"என்னப்பா இது?"

"நீ கேட்டே. நான் சொன்னேன்."

"நான் எல்லாரையும் கேட்கிற கேள்விப்பா அது. வாக்கியத்தை முடிங்கன்னு கேட்கிற கேள்வி."

"எனக்கு அப்படித் தோணலைம்மா. மூணு வருஷமா யாரும் கேட்கலை. நீதான் கேட்டே."

அன்றைக்குக் கூட்டம் முடிந்து முதலில் வந்தவர் அவர். வீடு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே அம்மாவின் ஒரு கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது, தண்ணீர் டம்ளர் உருண்டு கிடந்தது. அவள் கூப்பிட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அரை மணி கழித்துத் தம்பி தன் கணக்குக் காகிதங்களோடு வந்து சேர்ந்தான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அகராதியை மூடி வைத்தார். எழுதும்போது அவன் முகம்தான் ஞாபகத்தில் இருந்தது, ஊர் படிக்கும் என்பது ஞாபகத்தில் இல்லை என்றார். அக்காவுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் அதிகம். பதினெட்டு வருஷமாகப் பிறத்தியார் வாயைத் திறக்க வைத்துக்கொண்டிருந்த பென்சிலை ஒடித்துப் போடலாம் போல இருந்தது.

தம்பிக்குப் பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ நல்லவர் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், இதற்கெல்லாம் ஆள் தேட வேண்டியதே இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, உங்கள் தம்பி தேதியை ரத்து செய்துவிட்டாரே என்று.

கடையில் தேய்க்கும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் நூலாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தம்பி லென்ஸை விளிம்போடு பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா சக்கரத்தின் சுவிட்சை அணைத்தாள்.

"அப்பா எழுதினது நெஜம்தான்கா. ஒரு மணி நேரம்னு போனேன், மூணு மணி நேரம் ஆயிடுச்சு. உன்கிட்ட சொல்ல வாய் வரலை."

"அது போகட்டும்டா. ஆபரேஷனுக்கு வா."

"நேத்து வரைக்கும் உனக்காக வரலாம்னு இருந்தேன். இப்ப முடியாது. வால்வு வச்சுக்கிட்டா என் கணக்கை நானே நம்பலைன்னு அர்த்தம். கணக்கு பொய்னா அம்மா வரப்போறதில்லை. அம்மா எழுந்து வரும்போது நான் வாசல்ல நிக்கணும்கா. அன்னைக்கு நிக்காத இடத்துல நிக்கணும். பதினோரு மாசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன்."

"இருக்க மாட்டேடா. டாக்டர் சொன்னதைக் கேட்டேல்ல?"

அவன் சுவிட்சைத் திரும்பப் போட்டான். அவ்வளவுதான் பேச்சு. அன்றோடு சீட்டுகளும் நின்றன. அப்பா ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுக் கொடுத்த சீட்டை அவன் வாங்கிக்கொள்ளவே இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்ததையும், அதைக் கெடுத்தது எது என்பதையும், வாசலில் நிற்க வேண்டும் என்று அவன் சொன்னதையும். சத்தியத்தை இனிமேல் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் சம்மதித்திருந்தான் என்ற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கடைக்கு வழி தெரியாது, கூட வா என்றார்.

அவர் அந்தக் கடைக்கு வந்ததே கிடையாது. தம்பி பார்த்துவிட்டு எழுந்து நின்றான். எதிரிகளாக இருந்தாலும் அப்பா வந்தால் எழுந்து நிற்கிற வளர்ப்பு. அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மன்னிப்பு கேட்பார் என்று அக்கா நினைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"உன் கணக்குல ஒரு இடம் இடிக்குது."

"எல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சுன்னு நீங்கதானே அச்சடிச்சிருக்கீங்க?"

"அது இருக்கட்டும். நீ எந்தக் கட்டளையிலிருந்து எண்ணுறே?"

தம்பி சொன்னான். அப்பா தலையை ஆட்டினார். அந்தக் கட்டளை ஆலயத்தின் செலவுக்கும் சடங்குக்கும் பிறந்தது, நகரத்தைக் கட்ட அல்ல, வசனம் நகரத்தையும் மதிலையும் அல்லவா சொல்கிறது என்றார். அதே ராஜா பதிமூன்று வருஷம் கழித்து மதில் கட்ட வேறொரு கடிதம் கொடுத்தான், எண்ண வேண்டியது அங்கிருந்து. தம்பி மறுத்தான். அப்பா விடவில்லை. மாதக் கணக்கு, வருஷக் கணக்கு, எபிரேயச் சொல்லின் வேர் என்று இரண்டு பேரும் சக்கரத்துக்கும் பிரேம் தட்டுக்கும் நடுவே அந்தக் காகிதத்தின் மேல் குனிந்துவிட்டார்கள். கண்ணாடி வாங்க வந்தவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு அந்த இரண்டு நரைத்த தலைகளையும் ஒன்றாகப் பார்த்ததில் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. அப்பா முப்பது வருஷமாகக் கரடியாகக் கத்தி மறுத்து வந்த ஒன்றை, அதே அப்பா ஒரு இடம் தடுமாறாமல் நிறுவிக்கொண்டிருந்தார்.

தம்பி பென்சிலைக் கீழே வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"பதிமூணு வருஷமா?"

"பதிமூணு வருஷம், பதினோரு மாசம். அதுவரைக்கும் வாசல்ல நிக்கணும்னா, இந்த இதயத்தை வச்சுக்கிட்டு முடியாதுடா."

தம்பி அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு அக்காவைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பழைய தேதி இன்னும் இருக்குமா என்று கேட்டான்.

பழைய தேதி இல்லை, நாலு நாள் தள்ளிக் கிடைத்தது. அந்த நாலு நாளில் தம்பி சும்மா இருக்கவில்லை. தன் ஆட்களைக் கூட்டி வைத்து, நம் கணக்கு தப்பு, என் அப்பாவே திருத்திக் கொடுத்தார் என்று புதுத் தேதியைச் சொல்லிவிட்டான். பெரியவரே ஒத்துக்கொண்டார் என்று சேதி ஜெபக்கூடம் வரைக்கும் போய், அங்கிருந்தும் நாலு பேர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். வந்து கேட்டவர்களிடம் அப்பா ஆமாம் என்று மட்டும் சொன்னார். அந்த ஆமாமை ஒவ்வொரு தடவையும் அக்கா அடுத்த அறையிலிருந்து கேட்டாள்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்குத் தம்பியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்து, முடிந்து வந்ததும் அந்த மாதக் கணக்கை மறுபடி ஒருதரம் பார்க்க வேண்டும் என்றான். அப்பா சரி என்றார். கதவு சாத்திக்கொண்டது. ஆறு மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

நடைபாதை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை.

"அந்தப் பதிமூணு வருஷத்தை நீங்க நம்புறீங்களாப்பா?"

"இல்லை."

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு நாள்கூட நம்பலை. அது முடிஞ்சுபோன கதைம்மா. அவன் இனிமே பதிமூணு வருஷம் வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். அவனோட அந்த ஜனங்களும் உக்காந்திருக்கும். நான் உக்கார வச்சேன்."

சபைக்கு நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார், இனிமேல் அங்கே வாய் திறப்பதில்லை என்று. காரணம் வயசு என்று போட்டாராம். ஏழாம் பக்கத்தில் தான் எழுதியது இப்போதும் சரிதான், அந்தப் பாவம் பெரியதுதான், தெரிந்தேதான் செய்தேன் என்றார். அழவில்லை. அவனைப் பிழைக்க வைக்க வேறு ஒரு வழி தெரிந்திருந்தால் செய்திருப்பேன் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

எதிர்ப் பெஞ்சில் யாரோ ஒரு குடும்பம் தலை குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அப்பா அவர்களையே பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பிறத்தியாருக்காக மன்றாடியவர், அன்று கையை மடியிலேயே வைத்திருந்தார். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜெபம் பண்ணுங்களேன் அப்பா என்றாள்.

"நீ பண்ணும்மா. நான் கேட்டா இன்னைக்கு எடுபடாது."

அக்கா ஜெபம் செய்து பல வருஷம் ஆகியிருந்தது. எப்படித் தொடங்குவது என்றே அவளுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இவருக்கு முதலில் கேட்பதா, அவனுக்கு முதலில் கேட்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.